கணினியில் ஓர் உயிர் காலேஜ்

கணினியில் விலங்குக் காட்சிசாலை கட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெயர் ‘பிளானட் ஜூ’. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் உள்ள ஃபிரன்டியர் என்ற நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்டது. இதற்கு முன்னோடி 2001-இல் வந்த ‘ஜூ டைகூன்’. வெற்று நிலத்தைக் கொடுத்து, கையில் கொஞ்சம் பணத்தையும் கொடுத்து, ‘நீயே ஒரு ஜூ கட்டி நடத்து, பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். சுடுவது, வெட்டுவது, துரத்துவது எதுவும் இதில் கிடையாது. வேலி போட வேண்டும், ஆள் வைக்க வேண்டும், தீனி போட வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் சம்பளம் இல்லாத அரசாங்க வேலை.

நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் ‘ஏன் சார், இந்த வயசுல கம்ப்யூட்டர் கேம் தேவையா?’ என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு நின்றபடி பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். பேரன் பேத்தியோடு உட்கார்ந்து ஆடிப் பார்க்க நினைக்கும் நம் வயதுக்காரர்களுக்கும் இது பயன்படலாம்.

என்னைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி. கால்நடைப் பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளராக 36 வருடம் இருந்து 2016-இல் ஓய்வு பெற்றவன். விழுப்புரம், மயிலம், செஞ்சி, திண்டிவனம் என்று சுற்றியே காலம் போனது. ஊர்க்காரர்களுக்கு நான் ‘மாட்டு டாக்டர்’. உண்மையில் டாக்டர் வேறு, நான் வேறு. தடுப்பூசி போடுவது, சினை ஊசி போடுவது, பதிவேடு எழுதுவது என் வேலை. முதலில் சைக்கிளில் போனேன், பிறகு டிவிஎஸ் ஐம்பதில்.

மகள் வீடு விழுப்புரத்தில். பேத்தி எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு மே மாத விடுமுறைக்குத் திண்டிவனம் வந்தாள். மருமகன் கட்டட வரைபடம் போடுபவர். அவருடைய பழைய மடிக்கணினியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். இந்த விளையாட்டுக்குச் சாதாரணக் கணினி போதாது, படம் வரையும் திறன் நன்றாக உள்ளது வேண்டும். வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்.

வந்த அன்றே ஜூ கட்ட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்தில் யானை வந்துவிட்டது, புலி வந்துவிட்டது, காண்டாமிருகமும் வந்துவிட்டது. மூன்றுமே நம் நாட்டு விலங்குகள் என்று எனக்கும் பெருமைதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் முகம் வாடி இருந்தது. தண்ணீர் பச்சையாகிவிட்டது, யானைக்குப் பசி, வேலி நைந்துபோயிருக்கிறது, வாசலில் கொஞ்சம் பேர் பலகை பிடித்துப் போராட்டம் நடத்துகிறார்கள். ஆம், விலங்கைச் சரியாகக் கவனிக்காவிட்டால் இந்த விளையாட்டில் போராட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள். பணமும் தீர்ந்துவிட்டது.

“தாத்தா, நீ மாட்டு டாக்டர்தானே? வந்து பாரு” என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கேட்ட முதல் கேள்வி, “யானைக்குத் தீனி வைக்கிற ஆள் யாரும்மா?”

“அது தானா வரும்னு நெனச்சேன் தாத்தா.”

எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜூ என்றதும் நமக்கு யானையும் புலியும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் வாளியோடு நிற்கும் ஆள் தெரிவதில்லை. விளையாட்டு அந்த ஆளிடமிருந்துதான் தொடங்குகிறது.

நாங்கள் இருவரும் மறுபடி ஆரம்பித்த வரிசையைச் சொல்கிறேன். விளையாட்டில் நான்கு வகை உண்டு. ‘கேரியர்’ என்பதில் கட்டி முடித்த ஜூவைக் கொடுத்து, ஒவ்வொரு வேலையாகச் சொல்லித் தருவார்கள். முதல் பாடத்தின் இடம் குட்வின் ஹவுஸ். புதியவர்கள் அதை முடித்துவிட்டுத்தான் வேறு பக்கம் போக வேண்டும். ‘சாண்ட்பாக்ஸ்’ என்பதில் பணக் கவலையே கிடையாது, இஷ்டம்போல் கட்டலாம். ‘சேலஞ்ச்’ என்பதில் வரவு செலவு பார்த்து நடத்த வேண்டும். ‘ஃபிரான்சைஸ்’ என்பது இணையத்தில் மற்றவர்களோடு விலங்குகளை வாங்கி விற்று ஆடுவது. நாங்கள் குட்வின் ஹவுஸ் பாடத்தை முடித்துவிட்டு ‘சேலஞ்ச்’ எடுத்தோம். பணம் அளவில்லாமல் இருந்தால் எனக்கு ஆட்டம் சுவைக்காது. 36 வருடம் பட்ஜெட் பற்றாக்குறையில் வேலை பார்த்த பழக்கம்.

முதலில் கடிகாரத்தை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தி வைத்த நிலையிலேயே எல்லாம் கட்டலாம், ஒரு காசு சம்பளம் ஓடாது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி நஷ்டம் மிச்சம்.

அடுத்தது மின்சாரமும் தண்ணீர் சுத்திகரிப்பும். பிறகு ஊழியர்களுக்கு ஓய்வறை, பராமரிப்பாளருக்குத் தீனி தயாரிக்கும் குடில், மருத்துவருக்கு ஒரு மருத்துவமனை, புது விலங்கைத் தனியே வைக்க ஒரு கட்டடம், வேலி பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கு ஒரு பட்டறை. இவையெல்லாம் பார்வையாளர்கள் கண்ணில் பட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. அதனால் ஊழியர்களுக்கென்று தனிப் பாதை போட்டுப் பின்பக்கமாக வைக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டு பின்னால் இருப்பது மாதிரி.

அதற்கப்புறம்தான் வேலி. சுற்றிச் சேர்ந்திருக்க வேண்டும், இடைவெளி கூடாது. ஏறக்கூடிய விலங்குக்கு ஏற முடியாத வேலி, முட்டக்கூடிய விலங்குக்குப் பலமான வேலி. வாசல் ஊழியர் பாதையைப் பார்த்து இருக்க வேண்டும். உள்ளே மண், புல், பாறை, செடி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, படுக்க நிழல் எங்கே, குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எங்கே என்று ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு கணக்கு. அது சரியாக இருந்தால் பச்சைக் கோடு, குறைந்தால் சிவப்பு.

விலங்கு கடைசியில்தான். “எது வாங்கலாம்?” என்று பேத்தி கேட்டாள். மயில் என்றேன்.

“மயிலா? அது நம்ம கொல்லையிலேயே வருதே தாத்தா!”

திண்டிவனத்தைச் சுற்றி இப்போது மயிலுக்குப் பஞ்சமில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கினால் விவசாயிக்குத்தான் வயிற்றெரிச்சல். 1963 முதல் தேசியப் பறவை, ஒன்றும் செய்ய முடியாது. “கொல்லையில பார்த்திருக்கியே, அதான் மயில். தெரிஞ்சதுலேர்ந்து ஆரம்பி” என்றேன். மயில் விலை குறைவு, தீனி குறைவு. கூட்டம் அவ்வளவாகச் சேராது, ஆனால் வேலையைக் கற்றுக்கொடுக்கும். அடுத்ததாக அல்டாப்ரா ஆமை வாங்கினோம். இந்த விளையாட்டில் வருடங்கள் மின்னல் வேகத்தில் ஓடும், மற்ற விலங்குகள் கண்ணெதிரே கிழமாகிப் போய்ச் சேர்ந்துவிடும். ஆமைக்கு ஆயுள் கெட்டி. புதியவர்களுக்கு அதுவே ஆறுதல்.

வருமானம் எதில் என்று நினைக்கிறீர்கள்? நுழைவுச் சீட்டு மட்டும் இல்லை. ஒவ்வொரு அடைப்பின் ஓரமும் உண்டியல் வைக்க வேண்டும். பக்கத்தில் அந்த விலங்கைப் பற்றிய தகவல் பலகை. படித்துவிட்டு மனம் குளிர்ந்தவர்கள் போடுகிறார்கள். கோயில் நிர்வாகம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் மெட்ராஸ் போய்வந்தால் ‘ரெண்டு காலேஜும் பார்த்தாச்சு’ என்பார்கள். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். என் அப்பா என்னைத் திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய் அறுபதுகளின் கடைசியில் இரண்டையும் காட்டினார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நீர்யானை வாயைத் திறந்ததை ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு காலேஜும் உண்மையில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மியூசியம் 1851-இல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் அலைமோதுகிறது என்று கண்டுகொண்டு 1855-இல் மியூசிய வளாகத்திலேயே விலங்குகளைச் சேர்க்க ஆரம்பித்தார். நவாபிடமிருந்தும் விலங்குகள் வந்தன. ஒரே வருடத்தில் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிவிட்டது. 1860-களில் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் மாற்றினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அங்கேதான். நகரம் வளர்ந்து நெருக்கியதும் வண்டலூருக்கு மாறி, 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல். திண்டிவனத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால் தாம்பரத்துக்கு முன்பே வந்துவிடும். வண்டலூரில் புலிக்கும் சிங்கத்துக்கும் முன்னால் கம்பி இல்லை, அகழிதான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் ஹாகன்பெக் என்பவர் 1907-இல் திறந்த பூங்காவில்தான் இந்த அகழி முறை பெயர் பெற்றது. செஞ்சிக் கோட்டையில் அகழி எதிரியை வெளியே நிறுத்தியது, இங்கே சிங்கத்தை உள்ளே நிறுத்துகிறது.

பேத்திக்கு இதைச் சொன்னபோது, “அப்ப அவங்களும் மொதல்ல மிருகத்த வாங்கிட்டு அப்புறம்தான் எடம் தேடியிருக்காங்க” என்றாள். அப்படியும் சொல்லலாம். இப்போது அது நடக்காது. 1992 முதல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இருக்கிறது. இடம், மருத்துவர், தீனி, தனிமைக் கூடம் இவற்றையெல்லாம் பார்த்து அங்கீகாரம் கொடுத்தால்தான் நாட்டில் ஒரு ஜூ நடத்த முடியும்.

தனிமைக் கூடம் பற்றி என் தொழில் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் புது விலங்கை நேராக அடைப்புக்குள் விடலாம், தனியே வைத்துப் பார்த்துவிட்டும் விடலாம். பேத்தி நேராகவே விட்டுக்கொண்டிருந்தாள். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்கிவந்து அன்று மாலையே பட்டியில் சேர்த்து, ஒரே வாரத்தில் பாதிப் பட்டியை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோமாரி ஒரு மாட்டோடு ஊருக்குள் வந்து தெருத் தெருவாகப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெக்கை நோய் இருந்தது. வீடு வீடாகப் போய் ஊசி போட்டோம். 2011-இல் அது உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மனிதருக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடி பூமியிலிருந்து ஒழிக்கப்பட்ட நோய் அது ஒன்றுதான். அதில் என் கை ஊசியும் ஒரு துளி உண்டு என்பது எனக்கு இன்றும் பெருமை.

ஆளிடமிருந்து விலங்குக்கும் நோய் போகும். 2021 ஜூன் மாதம் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து இரண்டு இறந்துபோனதை நாம் செய்தியில் படித்தோம். அதைச் சொன்ன பிறகு பேத்தி ஒரு ஆமையைக்கூடத் தனிமைக் கூடம் காட்டாமல் உள்ளே விடுவதில்லை.

இனப்பெருக்கத்திலும் என் பழைய பதிவேடு கைகொடுத்தது. மயில் குஞ்சு பொரித்து வளர்ந்ததும் விளையாட்டு ஓர் எச்சரிக்கை காட்டும். ரத்த உறவுக்குள் இணை சேர்ந்தால் அடுத்த தலைமுறை நலிந்துபோகும். எங்கள் வேலையில் உறைவிந்துக் குச்சி ஒவ்வொன்றிலும் காளை எண் இருக்கும். திரவ நைட்ரஜன் குடுவையில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும். எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்று பதிவேட்டில் எழுதுவோம். அந்தப் பசுவின் கன்று கிடேரியாகி வரும்போது அதே காளை எண் போகக் கூடாது. “யார் யாருக்குப் பொறந்ததுன்னு நோட்டுல எழுதும்மா” என்றேன். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் மயில்களுக்குப் பெயர் வைத்து வம்சாவளி எழுத ஆரம்பித்தாள். ஓய்வு பெற்ற பிறகு என் தொழிலைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த மாதம் தினமும் பத்துக் கேள்வி வந்தது.

நான் புதிதாகக் கற்றதும் உண்டு. விலங்குகளுக்கு மனிதர் பார்வையே பாரம் என்பது அதில் ஒன்று. சுற்றி நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தால் சில விலங்குகளுக்கு மன உளைச்சல் ஏறும். விலங்குக்கு நாம் தெரியாதபடி ஒருபக்கக் கண்ணாடி போட வேண்டும், ஒளிந்துகொள்ள மறைவு வைக்க வேண்டும். சிறு வயதில் விழுப்புரத்துக்கு வந்த ஒரு சர்க்கஸில், கூண்டுக்குள் சிங்கம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. கம்பீர நடை என்று கைதட்டினோம். அது தவிப்பு என்று பிற்பாடுதான் நாட்டுக்குப் புரிந்தது. 1998-இல் மத்திய அரசு சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டத் தடை போட்டது. 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டுக் கொட்டகையில் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பேத்தி கேட்டாள், “இதுக்கெல்லாம் பச்சைக் கோடு, சிவப்புக் கோடு இல்லியே தாத்தா. நீ எப்படித்தான் கண்டுபுடிச்ச?”

36 வருடத்தில் நான் யோசிக்காத கேள்வி. கோடு இருக்கிறது, படிக்கத்தான் தெரிய வேண்டும் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினேன். நல்ல மாட்டுக்கு மூக்கு நுனி ஈரமாகப் பனி பூத்தது மாதிரி இருக்கும். காய்ந்திருந்தால் காய்ச்சலோ என்று சந்தேகப்படு. படுத்திருக்கும்போது அசை போடுகிறதா பார். அசை நின்றால் ஏதோ கோளாறு. காது தொங்குகிறதா, ரோமம் சிலிர்த்து நிற்கிறதா, சாணி இளகியா கெட்டியா, ஈ உட்கார்ந்தால் வாலை வீசுகிறதா. எல்லாவற்றுக்கும் மேலே, நேற்று இருந்தது மாதிரி இன்று இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்விக்குத் தினமும் பார்க்கிறவரால்தான் பதில் சொல்ல முடியும். டாக்டர் வாரம் ஒரு முறை வருவார். பார்ப்பது பராமரிப்பவரின் வேலை.

அதன்பிறகு காலையும் மாலையும் அவளாகவே எதிர்வீட்டுக் கொட்டகைக்குப் போய் நிற்க ஆரம்பித்தாள். நான்கைந்து நாள் கழித்து ஓடிவந்தாள். “தாத்தா, அந்தச் செவலக் கன்னுக்குட்டி தாய்கிட்ட முட்டிக் குடிக்கல. ஈ மொய்க்குது, வாலே ஆட்டல. மூக்கு காஞ்சிருக்கு.”

போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். தெர்மாமீட்டர் வைத்தால் 105 டிகிரி. காதுமடலுக்குள் உண்ணிகள். அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, 1962 எண்ணுக்குப் போட்டோம். கால்நடைகளுக்கான ஊர்தி அந்த எண்ணுக்குத்தான் வரும், மாடு வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் வந்து உண்ணிக் காய்ச்சல் என்று ஊசி போட்டார். “ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா கஷ்டம். யார் பாத்தது?” என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் என் பேத்தியைக் காட்டினார். மூன்றாம் நாள் கன்று தாயின் மடியை முட்டித் தள்ளிப் பால் குடித்தது.

இது விளையாட்டால் வந்த அறிவா, மாட்டுக் கொட்டகையால் வந்ததா என்று என் நண்பர்கள் தர்க்கம் செய்யலாம். எனக்குத் தெரிந்தவரை, சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பதறிப் பழகிய பிள்ளைக்குத்தான் கோடு இல்லாத இடத்திலும் அதைத் தேடத் தோன்றியது. பார்க்கிற பழக்கம் எந்த வழியாக வந்தால் என்ன?

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். பெரிய நிலம் கிடைத்ததே என்று எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். ஓர் அடைப்பு, ஒரு வகை விலங்கு, இரண்டு பராமரிப்பாளர். அது நஷ்டமில்லாமல் ஓடிய பிறகு அடுத்தது. ஆங்கில எழுத்து பொடியாக இருக்கும், அதைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பள்ளி திறந்து பேத்தி விழுப்புரம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் திரையைக் காட்டிக் கணக்கு ஒப்பிக்கிறாள். இப்போது மயில், ஆமை, தீக்கோழி என்று மூன்று வகைதான் வைத்திருக்கிறாள். உண்டியல் வசூல் பரவாயில்லை. போன வாரம் யானை எப்போது வரும் என்று கேட்டேன்.

“இரு தாத்தா. யானைக்குன்னு தனியா ரெண்டு ஆள் வேணும். இப்பதான் ஒருத்தர வேலைக்கு எடுத்திருக்கேன்” என்றாள்.